ஷெர்பாக்களுக்கு இரத்தம் கெட்டி என்று எழுதாதீர்கள்

மேனிலை உயிரியல் வழிகாட்டிகளும் நீட் வினா வங்கிகளும் தயாரிப்போருக்கும், நாளிதழ்களின் அறிவியல் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

என்.சி.இ.ஆர்.டி. 12ஆம் வகுப்பு உயிரியல் நூலில் பல ஆண்டுகள் ஒரு கேள்வி இருந்தது. ரோதாங் கணவாய்க்கோ மானசரோவருக்கோ போகிறவருக்குக் குமட்டல், களைப்பு, படபடப்பு ஏன் வருகிறது என்று பாடம் முதலில் விளக்கும். உடல் அதை மூன்று வழிகளில் சமாளிக்கிறது என்று சொல்லும்: சிவப்பணுக்கள் கூடும், ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றியிருக்கும் பிடி தளரும், மூச்சு வேகமாகும். பிறகு மாணவருக்கு ஒரு வேலை தரும். இமயமலையின் உயரங்களில் பழங்குடிகள் பலர் வாழ்கிறார்களே, சமவெளி மக்களைவிட அவர்களுக்குச் சிவப்பணு எண்ணிக்கை (அல்லது மொத்த ஹீமோகுளோபின்) இயல்பிலேயே அதிகமா, கண்டறியுங்கள் என்று. பாடம் சுருக்கப்பட்டபோது அந்தப் பகுதி போய்விட்டது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பல வழிகாட்டிகள் எழுதிவைத்த விடை இன்னும் புழங்குகிறது: ஆம், அதிகம், ஆக்சிஜன் குறைவான இடத்தில் வாழ்வதால் அவர்கள் உடல் கூடுதலாகச் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. எவரெஸ்ட் பற்றிய செய்திக் கட்டுரைகளிலும் இதே வரியைப் பார்க்கிறோம்.

கேள்வி அருமையானது. விடைதான் தவறு. நுணுக்கத்தில் சறுக்கிய தவறாக இருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டோம். திபெத்தியர்களையும், நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவாரத்தில் வாழும் ஷெர்பாக்களையும் உலகம் வியந்து ஆராய்வதற்கு எது காரணமோ அதையே இது தலைகீழாக்குகிறது.

எண்களிலிருந்து தொடங்கலாம். மானுடவியலாளர் சிந்தியா பீலும் அவருடன் பணியாற்றியவர்களும் 1998இல் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில் வாழும் திபெத்தியர்கள் ஒரு பக்கம், அதே அளவு உயரத்தில் பொலிவியாவில் வாழும் அய்மாரா மக்கள் மறுபக்கம். திபெத்திய ஆண்களின் ஹீமோகுளோபின் சராசரி ஒரு டெசிலிட்டருக்கு 15.6 கிராம், பெண்களுக்கு 14.2. அய்மாரா ஆண்களுக்கு 19.2, பெண்களுக்கு 17.8. அந்தத் திபெத்தியரின் இரத்தத்தைத் தஞ்சாவூரில் ஒரு லேபில் கொடுத்தால் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்றுதான் வரும். அய்மாராக்காரரின் ரிப்போர்ட்டில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பார்கள். உயரம் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான், இரத்தம் மட்டும் வேறு. கேள்வி தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை மக்களைப் பற்றியதாக இருந்திருந்தால் உங்கள் 'ஆம்' சரி. கேட்கப்பட்டது இமயமலை.

இந்தக் குழப்பம் வந்ததற்குத் தமிழிலும் ஒரு காரணம் இருப்பதாக நினைக்கிறோம். ஒருவர் மலையேறிப் பத்து நாளில் அவர் உடல் காட்டும் மாற்றத்தையும், பல நூறு தலைமுறைகளில் ஒரு மக்கள்கூட்டத்தின் மரபணுவில் படிந்த மாற்றத்தையும் நாம் 'தகவமைப்பு' என்ற ஒரே சொல்லால் எழுதிவிடுகிறோம். முன்னது பழகுதல். மலையிலிருந்து இறங்கிச் சில வாரங்கள் ஆனால் அது போய்விடும். பின்னது வழிவழியாக வருவது. குழந்தை சமவெளியில் பிறந்தாலும் கூடவே வரும். சிவப்பணு கூடுவது பழகுகிற உடலின் கதை. அதைக் கொண்டுபோய் வழிவழியாக மலையில் வாழும் மக்கள்மேல் ஒட்டிவிட்டோம். முன்னதை 'உடல் பழகுதல்' என்றும் பின்னதை மட்டும் 'தகவமைப்பு' என்றும் எழுதினாலே பாதிக் குழப்பம் தீரும்.

பழகும் உடலில் நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வழிகாட்டிகள் அதையும் அவசரமாகக் கடக்கின்றன. முதலில், மேலே காற்றில் ஆக்சிஜனின் 'விழுக்காடு' குறைவதில்லை. சென்னையிலும் 20.9 விழுக்காடு, எவரெஸ்ட் உச்சியிலும் 20.9. குறைவது காற்றின் அழுத்தம். கடல்மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசம். மூச்சுக்குழாயில் காற்று ஈரமாகும்போது நீராவி 47ஐ எடுத்துக்கொள்ளும். மீதி 713இல் 21 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 150 மில்லிமீட்டர் அழுத்தத்தில் ஆக்சிஜன் உள்ளே போகிறது. 5,300 மீட்டரில் இருக்கும் எவரெஸ்ட் அடிவார முகாமில் காற்றழுத்தம் சுமார் 400. நீராவி அங்கும் அதே 47தான். மீதி 353இல் 21 விழுக்காடு என்றால் 74. சரிபாதி. நீராவியைக் கழிக்க மறந்தால் இந்தக் கணக்கு தப்பிப்போகும். பல வினா வங்கிகளில் மறந்திருக்கிறார்கள்.

சமவெளிக்காரர் அங்கே போனதும் ஹீமோகுளோபின் சில நாட்களிலேயே ஏறியிருக்கும். உடனே 'சிவப்பணு கூடிவிட்டது' என்று எழுதுவது அடுத்த தவறு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உடலில் 5 லிட்டர் இரத்தம், டெசிலிட்டருக்கு 15 கிராம் ஹீமோகுளோபின் என்றால் மொத்தம் 750 கிராம். உயரத்தில் முதல் நாட்களில் சிறுநீர் அதிகம் பிரியும், இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வற்றும். அரை லிட்டர் பிளாஸ்மா குறைந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இரத்தம் 4.5 லிட்டர், ஹீமோகுளோபின் அதே 750 கிராம். ரிப்போர்ட்டில் 16.7 என்று வரும். ஒரு சிவப்பணுகூடப் புதிதாகப் பிறக்கவில்லை. குழம்பில் உப்பைக் கூட்டாமல் வற்றவைத்தால் கரிப்பதுபோலத்தான் இது. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் சிறுநீரகத்திலிருந்து சுரப்பது சில மணி நேரத்திலேயே கூடத் தொடங்கினாலும், எலும்பு மஜ்ஜை அதைக் கேட்டுப் புது அணுக்களைப் போதிய அளவு உருவாக்கி அனுப்ப வாரக்கணக்கில் ஆகும். டெசிலிட்டருக்கு இத்தனை கிராம் என்பது செறிவு. உடலில் மொத்தம் இத்தனை கிராம் என்பது வேறு அளவு. அதைக் கண்டறிய மிகக் குறைந்த அளவு கார்பன் மோனாக்சைடை அளந்து மூச்சில் கொடுத்துக் கணக்கிடும் முறை வேண்டும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ஹீமோகுளோபினின் பிடி தளர்வது பற்றி ஒரு வரி: தளர்த்துகிற பொருள் சிவப்பணுவில் கூடுவது உண்மை, ஆனால் வேகமான மூச்சால் இரத்தத்தின் காரத்தன்மை கூடிப் பிடியை இறுக்கவும் செய்கிறது. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. மிக உயரத்தில் இறுக்கமே வெல்லும்.

இனி இமயத்து உடல். சிறுநீரகத்துக்கு ஆக்சிஜன் குறைந்தது எப்படித் தெரிகிறது என்பதைக் கண்டறிந்ததற்காகத்தான் வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவரும் 2019இல் மருத்துவ நோபல் பெற்றார்கள். எச்ஐஎஃப் என்ற புரதம் செல்லில் ஓயாமல் உருவாகிக்கொண்டே இருக்கும். பிஎச்டி2 என்ற நொதி ஆக்சிஜனைப் பயன்படுத்தி அதில் ஓர் அடையாளம் போடும். அடையாளம் விழுந்த எச்ஐஎஃப் அழிக்கப்படும். ஆக்சிஜன் குறைந்தால் அடையாளம் போட முடியாது, எச்ஐஎஃப் பிழைத்துச் செல்லின் உட்கருவுக்குள் போய் எரித்ரோபொயட்டின் மரபணுவை முடுக்கும், சிவப்பணுக்கள் பெருகும். இந்தச் சங்கிலியில் எச்ஐஎஃப்பின் ஒரு வகைக்கான மரபணு ஈபிஏஎஸ்1. பிஎச்டி2க்கான மரபணு ஈஜிஎல்என்1. திபெத்தியர்களிடம் மாறியிருப்பவை இந்த இரண்டும்தான்.

அதை எப்படிப் பிடித்தார்கள் என்பது மாணவருக்குச் சொல்லத் தகுந்த பாடம். 2010இல் ஒன்றையொன்று சாராத மூன்று குழுக்கள் இதை வெளியிட்டன. அவற்றில் ஒன்று, திபெத்தியர் 50 பேரின் மரபணுக்களில் புரதம் எழுதும் பகுதிகளை முழுதாகப் படித்தது. ஹான் சீனர்களுடனும், எட்டத்து அளவுகோலாக டென்மார்க்காரர்களுடனும் ஒப்பிட்டது. திபெத்தியரும் ஹான் மக்களும் மரபில் நெருங்கியவர்கள். பெரும்பாலான இடங்களில் இருவரின் மாறுபாடுகளும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருக்கும். அந்தச் சமதளத்தில் ஓரிடம் மட்டும் தூணாக நிமிர்ந்து நின்றால் அங்கே இயற்கைத் தேர்வு வேலை செய்திருக்கிறது என்று பொருள். நின்றது ஈபிஏஎஸ்1. அதில் ஒரு மாறுபாடு திபெத்தியரிடம் 87 விழுக்காடு, ஹான் மக்களிடம் 9. அந்த வடிவத்தை உடையவர்களுக்கு ஹீமோகுளோபின் கூடவில்லை, குறைவாக இருந்தது. ஆக்சிஜன் குறைந்ததும் சிறுநீரகம் எழுப்பும் கூக்குரலை அடக்கி வைக்கிற மாறுபாடு அது. ஈஜிஎல்என்1இல் திபெத்தியருக்கே உரிய புரத மாற்றம் நொதியைத் தூண்டுகிறதா, தளர்த்துகிறதா என்பதில் ஆய்வகங்கள் இன்னும் முரண்படுகின்றன. ஆகவே அதைப் பற்றி 'இப்படித்தான்' என்று ஒரு மதிப்பெண் வினா கேட்காதீர்கள்.

இரத்தம் கெட்டியாகாமல் இருப்பதில் என்ன நன்மை? ஹீமோகுளோபின் ஓர் அளவுக்கு மேல் போனால் இரத்தம் பாகுபோல் ஓடும். இதயம் அதிகம் உழைக்கும். நுண்ணிய குழாய்களில் ஓட்டம் தடைபடும். பெருவின் கார்லோஸ் மோங்கே 1925இல் விவரித்த நாள்பட்ட மலைநோய் இதன் முற்றிய வடிவம்: ஆணுக்கு 21, பெண்ணுக்கு 19 கிராமுக்கு மேல் போகும் ஹீமோகுளோபின், நீலம் பாய்ந்த உதடு, ஓயாத தலைவலி, தூக்கமின்மை. ஆண்டிஸ் மலை ஊர்களில் இது பெரும் நோய்; திபெத்தியரிடம் அரிது. கருவுற்ற தாய்க்கு இது இன்னும் முக்கியம். 3,650 மீட்டரில் இருக்கும் லாசாவில், அங்கேயே வாழும் ஹான் தாய்மாரின் குழந்தைகளைவிடத் திபெத்தியத் தாய்மாரின் குழந்தைகள் கூடுதல் எடையுடன் பிறப்பதை லோர்னா மூரின் ஆய்வுகள் காட்டின. கருப்பைக்குப் போகும் இரத்த ஓட்டம் அவர்களுக்கு அதிகம். இயற்கைத் தேர்வு வேலை செய்வது இங்கேதான். சிகரத்தில் யார் முந்துகிறார் என்பதை அது பார்ப்பதில்லை. எந்தக் குழந்தை பிழைக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது.

அப்படியானால் ஆக்சிஜன் எப்படிப் போதுமானதாகிறது? ஓட்டத்தால். 4,200 மீட்டரில் வாழும் திபெத்தியரின் முன்கையில் இரத்த ஓட்டம் கடல்மட்டத்து மக்களைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது என்றும், குழாய்களை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடின் வழிப்பொருட்கள் பத்து மடங்குக்கும் மேல் இருந்தன என்றும் 2007இல் ஓர் ஆய்வு காட்டியது. லாரியில் சரக்கைத் திணிக்காமல் சாலையை அகலப்படுத்தியதுபோல. ஷெர்பாக்களின் தசையிலும் வேறுபாடு உண்டு. 2017இல் வெளியான எக்ஸ்ட்ரீம் எவரெஸ்ட் 2 குழுவின் ஆய்வில் 15 ஷெர்பாக்களின், 10 சமவெளிக்காரர்களின் தொடைத்தசைத் துணுக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். ஷெர்பாக்களின் தசை கொழுப்பை எரிப்பதைக் குறைத்துக்கொண்டு, கிடைத்த ஆக்சிஜனிலிருந்து கூடுதல் ஆற்றலைக் கறந்தது. அதே ஆக்சிஜனுக்குச் சர்க்கரை கொழுப்பைவிடச் சற்று அதிக ஆற்றல் தரும் என்பதை மாணவர் சுவாச ஈவு படிக்கும்போதே அறிந்திருப்பார். இரண்டையும் இணைத்துக் காட்டுங்கள்.

இனி, நாளிதழ் நண்பர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியவை.

'ஷெர்பாக்கள் உடம்பில் ஓடும் ஆதிமனித இரத்தம்' என்ற வகைத் தலைப்புகளை நிறுத்துங்கள். அதன் பின்னணி இது. சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த ஒரு விரலெலும்பிலிருந்து 2010இல் ஓர் அழிந்துபோன மனித வகையின் மரபணுத்தொகை தெரியவந்தது. திபெத்தியரின் ஈபிஏஎஸ்1 வடிவம் அந்த டெனிசோவன்களுடையதோடு பொருந்துவதை 2014இல் எமிலியா ஹுவெர்ட்டா-சான்செஸ், ராஸ்மஸ் நீல்சன் குழுவினர் காட்டினர். பொருந்திய துண்டின் நீளம் ஏறக்குறைய 33,000 டி.என்.ஏ. எழுத்துகள். நம் மரபணுத்தொகையோ 300 கோடி எழுத்துகளுக்கும் மேல். டெனிசோவன் பங்கு மிகுதியாக இருப்பவர்கள் திபெத்தியர்கள் அல்ல. பப்புவா நியூ கினியின் மக்கள். திபெத்தியரிடம் மொத்தப் பங்கு மிகச் சிறியது. அதில் இந்த ஒரு துண்டு மட்டும் பயன்பட்டதால் பெருகியது. திபெத்திய மேட்டுநிலத்தில் டெனிசோவன்கள் இருந்ததும் இப்போது உறுதி: 3,280 மீட்டரில் உள்ள பைஷியா குகையில் ஒரு புத்தபிக்கு 1980இல் கண்டெடுத்த தாடை, 1,60,000 ஆண்டுப் பழைமையானது என்று 2019இல் அறிவிக்கப்பட்டது.

'மூவாயிரம் ஆண்டில் நடந்த அதிவேகப் பரிணாமம்' என்பது அடுத்தது. 2010 ஆய்வு ஒன்று திபெத்தியரும் ஹான் மக்களும் பிரிந்தது சுமார் 2,750 ஆண்டுகளுக்கு முன் என மதிப்பிட்டது. தொல்லியலாளர்கள் அப்போதே மறுத்தார்கள். 4,600 மீட்டரில் உள்ள நியா தேவு களத்தில் 30,000 ஆண்டுகளுக்கும் முந்தைய கல்லாயுதங்கள் கிடைத்துள்ளன. 2021இல் வெளியான ஒரு கணிப்பு, டெனிசோவன் துண்டு வந்து சேர்ந்தது ஏறக்குறைய 48,700 ஆண்டுகளுக்கு முன் என்றும், அது தேர்வுக்கு உட்படத் தொடங்கியது ஏறக்குறைய 9,000 ஆண்டுகளுக்கு முன் என்றும் சொல்கிறது. அதாவது பல பத்தாயிரம் ஆண்டுகள் அது மக்களிடையே சும்மா கிடந்திருக்கிறது. மேட்டுநிலத்தில் வாழ்வு தொடர்ந்தபோதுதான் அதற்கு விலை வந்தது. தேவைக்காக ஒரு மாறுபாடு 'தோன்றியது' என்று எழுதும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு கிடைக்காது.

'ஐந்நூறே ஆண்டில் ஷெர்பாக்கள் தகவமைந்தார்கள்' என்பதும் அப்படித்தான். ஷர் என்றால் கிழக்கு, பா என்றால் மக்கள். கிழக்குத் திபெத்தின் காம் பகுதியிலிருந்து புறப்பட்டு, 5,700 மீட்டருக்கும் மேலான நாங்பா லா கணவாய் வழியாகக் கும்பு பள்ளத்தாக்குக்கு ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன் வந்தார்கள் என்பது அவர்களின் குல வரலாறு. அவர்கள் புதிதாகத் தகவமைய வேண்டியிருக்கவில்லை. மரபணுவைக் கையோடு கொண்டுவந்தார்கள். குடிபெயர்ந்த காலம் வேறு, மரபுவழி பிரிந்த காலம் வேறு. இந்த இரண்டாவது கேள்வியில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. 2014இல் வெளியான ஓர் ஆய்வு, இன்றைய திபெத்தியர்கள் ஷெர்பா போன்ற மேட்டுநில மரபும் ஹான் போன்ற தாழ்நில மரபும் கலந்தவர்கள் என்றது. 2015இல் தாய்வழி, தந்தைவழி மரபணுக் குறிகளை வைத்து நடந்த ஆய்வு, ஷெர்பாக்களே திபெத்தியரிடமிருந்து அண்மையில் கிளைத்தவர்கள் என்றது. 2017இல் முழு மரபணுத்தொகைகளைப் படித்த குழு, இருவரும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்து தனித்தனி வரலாறு கொண்டவர்கள் என்றது. முரண் எதனால்? தாய்வழிக் குறி ஓர் ஒற்றை இழையின் கதையைச் சொல்கிறது. முழுத்தொகை ஆயிரக்கணக்கான இழைகளின் கதையைச் சொல்கிறது. போதாததற்கு ஷெர்பாக்கள் சிறு கூட்டம். சிறு கூட்டத்தில் தற்செயலாகவே விகிதங்கள் வேகமாக மாறும், அது கணிப்பொறிக்கு நீண்டகாலப் பிரிவைப்போலத் தோன்றும். எந்த ஆய்வை எடுத்தாலும் அது எந்தக் குறியை வைத்துச் சொன்னது என்று ஒரு சொல் சேர்த்து எழுதுங்கள்.

ஷெர்பா என்பது ஒரு மக்களின் பெயர். சுமை தூக்கும் வேலையின் பெயர் அல்ல. கும்பு பாதையில் மூட்டை சுமப்பவர்களில் ராய், தமாங், மகர் எனக் கீழ்மலைப் பகுதி மக்கள் பலர் உண்டு. அவர்களுக்கு மலைநோய் நம்மைப்போலவே வரும். 'அவர் ஷெர்பா, அவருக்கு ஒன்றும் ஆகாது' என்று படித்துவிட்டு மலையேறப் போகிற வாசகர், தலைவலியில் தள்ளாடும் சுமைக்காரரைப் பார்த்தும் பேசாமல் நடப்பார். உங்கள் கட்டுரை அப்படியும் ஓர் உயிரைத் தொடும். உண்மையான ஷெர்பாக்களும்கூட உச்சிக்குப் போகையில் பெரும்பாலும் ஆக்சிஜன் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அங் ரீதா ஷெர்பா அது இல்லாமல் பத்து முறை ஏறியது அரிய சாதனை. அதை இனத்தின் இயல்பாக்கிவிட்டால் அவர் உழைப்பும் மறைந்துபோகும். 2014 ஏப்ரல் 18 அன்று கும்பு பனியருவியில் சரிந்த பனியில் 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஈபிஏஎஸ்1 பனிப்பாறையைத் தடுக்காது.

இப்போது அந்தப் பழைய கேள்வியின் அடைப்புக்குறிக்குத் திரும்புவோம். 'சிவப்பணு எண்ணிக்கை (அல்லது மொத்த ஹீமோகுளோபின்)' என்று அதில் இருக்கிறதே, அந்த 'அல்லது' இடறும் இடம். 2019இல் மைக் ஸ்டெம்ப்ரிட்ஜ் குழுவினர் ஷெர்பாக்கள், ஆண்டிஸின் கெச்சுவா மக்கள், சமவெளிக்காரர்கள் ஆகியோரின் மொத்த ஹீமோகுளோபினையும் பிளாஸ்மாவையும் தனித்தனியே அளந்தார்கள். மொத்தம் கெச்சுவாக்களுக்கே மிக அதிகம். ஆனால் ஷெர்பாக்களுக்கும் சமவெளிக்காரர்களைவிட அதிகமாகவே இருந்தது. செறிவு மட்டும் ஏறவில்லை, காரணம் அவர்களுக்குப் பிளாஸ்மாவும் அதிகம். மேலே போட்ட கணக்கில் பழகும் உடல் பிளாஸ்மாவை வற்றவைத்தது. ஷெர்பாவின் உடலோ ஹீமோகுளோபினைக் கூட்டும்போது நீரையும் சேர்த்தே கூட்டிக்கொள்கிறது. ஆக 'சிவப்பணு உற்பத்தியே இல்லை' என்று மறுகோடிக்குப் போய்விடவும் வேண்டாம். 2024இல் பீல் குழுவினர் நேபாளத்திலுள்ள முஸ்தாங்கின் மேற்பகுதியில் 3,500 மீட்டருக்கு மேல் வாழும் 417 பெண்களை ஆராய்ந்தபோதும் இதே திசையில்தான் விடை வந்தது: அதிகக் குழந்தைகளை உயிருடன் பெற்ற பெண்களின் ஹீமோகுளோபின் மிகுதியும் இல்லை, மிகக் குறைவும் இல்லை, நடுவில் இருந்தது, அதில் ஏறியிருந்த ஆக்சிஜன் மட்டும் அதிகம்.

எனவே வழிகாட்டியில் இப்படி எழுதலாம் என்று கேட்டுக்கொள்கிறோம்: "திபெத்தியர், ஷெர்பா மக்களின் ஹீமோகுளோபின் செறிவு, ஏறத்தாழ 4,000 மீட்டர் வரை, சமவெளி மக்களின் இயல்பான அளவுக்கு அருகிலேயே இருக்கிறது. ஷெர்பாக்களின் மொத்த ஹீமோகுளோபின் சற்று அதிகம். பிளாஸ்மாவும் அதிகமாக இருப்பதால் இரத்தம் கெட்டியாவதில்லை. ஈபிஏஎஸ்1, ஈஜிஎல்என்1 மரபணுக்களின் மாறுபாடுகள் இதனுடன் தொடர்புடையவை. ஆண்டிஸ் மலை மக்களிடம் செறிவு தெளிவாக அதிகம்." ஒரு மதிப்பெண் வினாவாக வைப்பதென்றால் 'இமயம்', 'ஆண்டிஸ்' என்று மக்களின் பெயர் வினாவிலேயே இருக்கட்டும். 'மலைவாழ் மக்கள்' என்று பொதுவாகக் கேட்டால் சரியான விடையே கிடையாது.

சிவப்பணு கூடும் என்ற பழைய வரியை அடிக்க வேண்டியதில்லை. அதில் 'மலையில் வாழும் மக்களுக்கு' என்று இருப்பதை 'சமவெளியிலிருந்து மலைக்குப் போய் வாரக்கணக்கில் தங்குபவர்களுக்கு' என்று மாற்றினால் போதும். அடுத்த பதிப்பு அச்சுக்குப் போவதற்குள் அந்த மாற்றத்தைச் செய்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உடலியங்கியலும் மரபியலும் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்